அடியிலிருந்து வரைந்த ஏரி

சந்திரகலா அனுப்பாத ஒரு பனிக்கட்டிக்கு அன்று காலை பாராட்டு வந்திருந்தது.

பின்லாந்திலிருந்து பெக்கா எழுதியிருந்தார். "குமாரு, நேற்று நீ அனுப்பிய ஏரிப் பனியைப் பார்த்தேன். இதுவரை நீ வரைந்தவையும் நன்றாகத்தான் இருந்தன. ஆனால் இதைத் திரையில் பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே குளிர் எடுத்தது. எப்படிச் செய்தாய்?"

நேற்று அவள் எதையும் அனுப்பவில்லை. வீட்டுக் கம்ப்யூட்டரைத் திறக்கவே இல்லை. அச்சகத்தில் அவசரமாக ஒரு கல்யாணப் பத்திரிகை கேட்டார்கள் என்று இருட்டும்வரை உட்கார்ந்து வரைந்துவிட்டு, வீட்டுக்கு வந்து, புகையில் எரிந்த கண்களைக் கழுவிக்கொண்டு படுத்துவிட்டாள்.

ஜன்னலுக்கு வெளியே அவள் குடியிருந்த பிரிக்பீல்ட்ஸ் இல்லை. செப்டம்பர் பிறந்ததிலிருந்தே சுமத்ராவில் எரியும் காடுகளின் புகை கடலைத் தாண்டி வந்து, எதிர் வரிசை வீடுகளையும் அவற்றுக்குப் பின்னாலிருந்த ரயில் பாதையையும் அதற்கும் அப்பாலிருந்த உயரக் கட்டடங்களையும் ஓர் அழுக்கு வெள்ளைக்குள் அழித்துவிட்டிருந்தது. ரயில் போகும் சத்தம் கேட்கும், ரயில் தெரியாது. கொடியில் காயும் துணியிலும் சோற்றிலும் தலையணையிலும் கரிந்த மண்ணின் வாடை ஏறியிருந்தது. நடுப்பகலில்கூட விளக்கைப் போட்டுக்கொண்டுதான் உட்கார வேண்டியிருந்தது. மூக்கை மூடிக்கொண்டு யாரோ தெருவில் இருமியபடி போனார்கள். அந்த இருமல் தேய்ந்து மறைந்த பிறகு அவள் பெக்கா குறிப்பிட்ட படத்தைத் திறந்தாள்.

உள்ளங்கையளவு சதுரம். சாம்பல் கலந்த நீலம். உள்ளே எங்கோ ஆழத்தில் மாட்டிக்கொண்ட காற்றுக் குமிழிகள், ஒன்றின் மேல் ஒன்றாக வெள்ளைக் காசுகளைப் போல. குறுக்கே மயிரிழை போன்ற மெல்லிய விரிசல். அது பனியைப் பார்த்து வரைந்த படமாகத் தெரியவில்லை. பனியாகவே இருந்தது.

அவளுக்கு முதலில் பயம் வரவில்லை. பொறாமைதான் வந்தது.

அது ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டுக்கான பனி. அந்த விளையாட்டில் உறைந்த ஏரி ஒன்றைக் கடந்து கலங்கரை விளக்கத்துக்குப் போய்ச் சேர வேண்டும். விளையாட்டு நன்றாக இருந்தது, பனிதான் சகிக்கவில்லை. சோப்புத் தூளைக் கொட்டி வைத்ததுபோல் இருக்கும். அதைத் தாங்களே திருத்தி வரைந்து விளையாட்டுக்குள் மாற்றிப் பொருத்துவது என்று, பெக்காவைப் போல உலகத்தின் வெவ்வேறு மூலைகளில் இருந்த சிலர், ஒருவரை ஒருவர் நேரில் பார்த்தறியாதவர்கள், இமெயில் வழியாகக் கூடியிருந்தார்கள். தரைக்கு ஓடு பதிப்பது போன்ற வேலை. சின்னச் சதுரமாக ஒரு படம். அதையே பக்கத்தில் பக்கத்தில் அடுக்கிக்கொண்டே போனால் ஏரி. ஓரங்கள் ஒட்ட வேண்டும், ஒட்டிய இடம் தெரியக்கூடாது. கம்ப்யூட்டர் காட்டக்கூடிய சொற்ப நிறங்களுக்குள் எல்லாம் அடங்க வேண்டும். ஒருவர் கூரைப் பனியை எடுத்துக்கொண்டார், ஒருவர் மரக்கிளைப் பனியை. ஏரி முத்துக்குமாருவின் பொறுப்பு.

முத்துக்குமாரு அவளுடைய தம்பி. கனடாவுக்குப் படிக்கப் போனவன். ஏரியை வரைந்தது அவன் இல்லை.

அதே கனடாப் பல்கலைக்கழகம் முதலில் கூப்பிட்டது அவளைத்தான். அப்பா சிவகுருநாதன் ரயில்வேயில் பெரிய கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர், அந்தக் கடிதத்தை மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசித்துவிட்டு, "பொம்பளைப் பிள்ளை அந்தக் குளிர்ல தனியா என்னத்துக்கு?" என்று மடித்து வைத்துவிட்டார். சில வருஷம் கழித்து மகனுக்கு அதே கடிதம் வந்தபோது ஸ்காட் ரோடு கந்தசாமி கோவிலில் அர்ச்சனை செய்தார்கள். அப்பா அதற்கடுத்த வருஷம் இறந்தார். சந்திரகலா அச்சகத்தில் மயிலும் குத்துவிளக்கும் வரைந்துகொண்டிருந்தாள்.

ஒரு தென்னைமரத்தைக்கூட ஒழுங்காக வரையத் தெரியாத முத்துக்குமாரு ஒருநாள் போன் செய்தான். "அக்கா, ஒரு சின்ன ஹெல்ப் லா. நான் போட்டோ எடுத்து அனுப்புறேன், நீ வரைஞ்சு கொடு. பனி வெள்ளையா இருக்காது அக்கா. கிட்டப் போய்ப் பார்த்தா நீலம்." பனியைக் கண்ணால் பார்த்திராத அவள், வேலை முடிந்த பிறகு அச்சகத்தின் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து அவனுடைய ஏரியை வரைந்தாள். பேர் அவனுக்கு. அவள் அதையும் கேட்டுப் பார்த்தாள். "ரெண்டு பேர் பேரும் போட்டா கன்பியூஸ் ஆகும் அக்கா" என்றான்.

மார்ச் மாதத்தில் ஒரு பிற்பகல் பனியைக் கிட்ட நின்று படமெடுக்க ஏரிக்குள் நடந்து போனவன் திரும்பவில்லை. கரைக்கு அருகே உடைந்த துவாரம் ஒன்றும் அதன் ஓரத்தில் காமிராப் பையும் இருந்தன. முக்குளிப்பவர்கள் தேடினார்கள். வசந்தத்தில் ஏரி உருகியதும் மறுபடி தேடினார்கள். உடல் கிடைக்கவில்லை. அவனுடைய உடுப்பும் கம்ப்யூட்டரும் கப்பலில் வந்து சேர்ந்தன.

"நீதானே கிட்ட நின்னு எடுத்த படம் கேட்டே?" என்று அம்மா பூரணம் அன்றைக்கு ஒருமுறை கேட்டாள். பிறகு அதைச் சொல்லவே இல்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். உறவினர்கள் காரியம் செய்ய வேண்டும் என்று வந்து உட்கார்ந்தபோது, "பிள்ளையைக் கொண்டாந்து காட்டுங்க, அப்புறம் செய்வோம்" என்று மட்டும் சொல்லிவிட்டு அவனுடைய அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பகல் முழுவதும் அங்கேதான் இருந்தாள். சமைப்பதற்கு வருவாள், குளிக்க வருவாள்.

கம்ப்யூட்டரை ஹாலில் வைத்து இணைத்தபோது உள்ளே அவனுக்காக இமெயில்கள் காத்திருந்தன. எங்கே போனாய், ஏரி பாதியில் நிற்கிறதே என்று. சந்திரகலா அவன் பேரில் ஒரு வரி எழுதினாள்: உடம்பு சரியில்லை, இனி தொடர்கிறேன். தொடர்ந்தாள். யாருக்கும் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. ஒருவன் செத்துப்போன பிறகும் அவன் வேலையில் ஒரு குறையும் தெரியவில்லை என்றால், அது யாருடைய வேலை? தனியாக இருக்கும்போது அவள் தன்னையே அப்படிக் கேட்டுக்கொள்வாள். அதில் கசப்பான ஒரு திருப்தி இருந்தது.

இப்போது அதையும் யாரோ பறிக்கிறார்கள்.

அவனோடு படித்தவர்களில் எவனுக்காவது பாஸ்வேர்ட் தெரிந்திருக்கும் என்று முடிவு செய்து அதை மாற்றினாள். மறுநாள் இன்னொரு சதுரம் வந்தது. அனுப்பியவர் பெயர் முத்துக்குமாரு. முந்தியதைவிடத் தெளிவாக இருந்தது. குழு முழுவதும் மகிழ்ந்து எழுதியது. கடைசியில் நீ கண்டுபிடித்துவிட்டாய் குமாரு, என்று ஒருவர். பழைய சதுரங்களை எடுத்துவிடலாமா, என்று இன்னொருவர். எடுத்துவிட்டார்கள். அவளுடைய ஏரி அப்படியாக ஒரு காலைப்பொழுதில் இல்லாமல் போனது.

அன்று அவள் அச்சகத்துக்கு லீவு சொல்லிவிட்டு, அந்தப் புதிய சதுரத்தைப் பெரிதாக அச்சடித்து எடுத்துக்கொண்டு கிள்ளானுக்குக் கொமுட்டர் ரயில் ஏறினாள். பள்ளித்தோழி ரம்லத் அங்கே இருந்தாள். அவளுடைய மாமனார் அப்துல் ஜலீல் ஆற்றோரம் ஐஸ் பேக்டரி வைத்திருந்தார். மீன் பாசாருக்குப் போகும் ஐஸ் எல்லாம் அங்கிருந்துதான். பனியை இல்லாவிட்டாலும் பனிக்கட்டியையாவது நேரில் பார்த்து, இந்தத் திருடனைவிட நன்றாக வரைந்துவிட வேண்டும் என்றிருந்தது அவளுக்கு.

உள்ளே அமோனியா நெடி. ஈரச் சிமெண்டு. ஆளுயரக் கட்டிகளைக் கொக்கியால் இழுத்து அறுக்கும்போது பல் கூசும் சத்தம். ரம்லத் தலைத்துணியின் ஓரத்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு அவளோடு நின்றாள். சந்திரகலா படமெடுத்தாள், தொட்டாள், விரல் மரக்கும்வரை கையை வைத்திருந்தாள்.

"அவங்களுக்கு இன்னும் நீ சொல்லலையா?" என்றாள் ரம்லத்.

"சொல்லல."

"ஏன்டி?"

"சொன்னா அவனுக்காக அழுவாங்க. அப்பவும் என்னை யாரும் கேட்க மாட்டாங்க."

ரம்லத் அச்சடித்த தாளை வாங்கிப் பார்த்தாள். திருப்பினாள். மறுபடி திருப்பினாள். தரையில் கிடந்த மெல்லிய ஐஸ் தகடு ஒன்றை எடுத்து, தலைக்கு மேலே டியூப் லைட்டுக்கு நேராகப் பிடித்து அண்ணாந்து பார்த்தாள்.

"கலா, இங்க வா. இப்படிக் கீழே நின்னு பாரு."

சந்திரகலா பார்த்தாள். வெளிச்சம் மேலிருந்து கசிந்து வந்தது. குமிழிகள் தங்கள் அடிவயிற்றைக் காட்டின. தாளில் இருந்ததும் அதுவேதான்.

"இது மேலேருந்து பார்க்குற ஐஸ் இல்ல" என்றாள் ரம்லத். "தண்ணிக்குள்ள இருந்து பார்க்குறது. அப்புறம், இது என்ன கறுப்பா ரெண்டு? சப்பாத்து மாதிரி இருக்கு."

இரண்டு கறைகள். அவற்றை நிழல் என்றுதான் சந்திரகலா நினைத்திருந்தாள். குதிகால், வளைவு, முன்பாதம். பனிக்கு மேலே யாரோ நிற்கிறார்கள். அவர்களுடைய பாதங்களை அடியிலிருந்து ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

தகடு ரம்லத்தின் கையில் உருகிச் சட்டைக்கைக்குள் ஒழுகியது. அவள் அதைக் கீழே போட்டுவிட்டு, "நீ வீட்டுக்குப் போகாதே லா. ரெண்டு நாள் இங்கயே இரு" என்றாள்.

"அம்மா தனியா இருக்கா."

"அவங்களையும் கூட்டிட்டு வா."

வருவாளா அம்மா? ரயிலில் திரும்பும்போது ஜன்னல் முழுவதும் வெள்ளையாக இருந்தது. ஊர் எதுவும் இல்லை. ஸ்டேஷன்கள் திடீரென்று பக்கத்தில் முளைத்து, உடனே கரைந்தன. அந்த வெள்ளையைப் பார்க்காமல் இருப்பதற்காக அவள் தன் காலணியைப் பார்த்துக்கொண்டு வந்தாள். பிறகு அதையும் பார்க்க முடியவில்லை.

வீட்டில் அம்மா கதவைத் திறந்தாள். புழுக்கத்தில் சுவர்கூட வியர்த்துக்கொண்டிருந்த அந்த வீட்டில், அம்மா கம்பளிச் சட்டை போட்டிருந்தாள். கனடாவிலிருந்து வந்த பெட்டியில் இருந்த சட்டை. அவளுடைய முகம் கழுவித் துடைத்ததுபோல் இருந்தது.

"உடம்பு சுடுதா அம்மா?"

"எனக்கென்ன? நல்லா இருக்கேன். தம்பி ரூம்ல தரை சில்லுன்னு இருக்கு பிள்ளை. காலுக்கு எவ்வளவு சுகமா இருக்கு தெரியுமா."

சந்திரகலா அம்மாவின் கையைப் பிடித்தாள். மீன்கடை ஐஸ் தட்டைத் தொட்டதுபோல் இருந்தது. அம்மா கையை உருவிக்கொண்டு உள்ளே போனாள். கதவைச் சாத்தினாள். கதவுக்கு உட்புறம் எதையோ நகர்த்தும் சத்தம், கட்டிலின் இரும்புக் கால்கள் சிமெண்டில் நெடுக உராய்ந்து, நின்று, மறுபடி உராய்ந்து, சுவரில் போய் முட்டும்வரை.

கம்ப்யூட்டரில் புதிய சதுரம் வந்திருந்தது.

இதில் சப்பாத்துகள் இல்லை. மங்கலான மஞ்சள் வட்டங்கள் இருந்தன. கயிறு போன்ற கோடு ஒன்று. தேடியவர்களின் விளக்குகள் என்று அவளுக்குப் புரிந்தது. அவை படத்தின் ஒரு மூலையில் மட்டும் இருந்தன. தவறான மூலையில். அவன் வேறெங்கோ இருந்துகொண்டு அவர்கள் தேடுவதைப் பார்த்திருக்கிறான்.

பெக்கா எழுதியிருந்தார்: "ஒளி மேலிருந்து வருகிறது! யாரும் யோசிக்காதது. இன்னும் அனுப்பு, குமாரு."

அவள் மோடத்தின் வயரைப் பிடுங்கிச் சுற்றி அலமாரிக்குள் வைத்தாள். அடுத்த நாள் அச்சகத்துக்குப் போனாள். அங்கே இருந்த கம்ப்யூட்டரில் பார்த்துவிடக்கூடாது என்று மத்தியானம் வரை மயில் வரைந்தாள். மயிலின் கழுத்து நீலமாக வந்தது. சாம்பல் கலந்த நீலம். நிறத்தை மாற்றினாள். மறுபடி அதுவே. பிறகு பார்த்தாள்.

வந்திருந்தது.

ஏரியின் நீலம் போயிருந்தது. இருட்டு. மேலே வெளிச்சம் குறைவாக, சிவப்பாகக் கசிந்தது. பனியில் நேரான கோடுகள், ஒன்றை ஒன்று குறுக்காக வெட்டிக்கொண்டு. பனியில் அப்படிக் கோடுகள் விழாது. சிமெண்டுத் தரையில் விழும். கொத்தனார் ஈரத்தில் நூல் பிடித்துப் போடும் கோடு.

அந்தக் கோடுகளின் நடுவே இரண்டு பாதங்கள். வெறுங்கால்கள். பித்தவெடிப்புகள் பிளந்த குதிகால். பெருவிரல்மேல் ஏறிக் கிடக்கும் இரண்டாம் விரல்.

அம்மாவின் அந்தக் காலுக்கு அவள் வெந்நீர் ஊற்றியிருக்கிறாள். மருந்து தடவியிருக்கிறாள்.

கனடாவின் ஏரிக்கும் பிரிக்பீல்ட்ஸ் வீட்டின் தரைக்கும் இடையே எத்தனை கடல்! ஆனால் அடியில் வருகிறவனுக்கு அது ஒரே தண்ணீராக இருக்கலாம். அவளுடைய பல் கிட்டியது. அவன் எப்போதும் இப்படித்தான். எங்கே போனாலும் வழி கிடைத்துவிடும். கதவைத் திறந்துவிட யாராவது இருப்பார்கள்.

அவளுக்கு அப்போது ஒன்று தோன்றியது. அவன் பேரில் எழுதி எழுதித்தான் அவனை இருக்க வைத்திருக்கிறோம். பேரை எடுத்துவிட்டால்?

குழுவுக்கு எழுதினாள். முதல் தடவையாகத் தன் பேரில். என் பெயர் சந்திரகலா. முத்துக்குமாரு என் தம்பி. மார்ச் மாதம் ஏரியில் விழுந்து இறந்துவிட்டான். அதற்கு முன்பும் அதற்குப் பின்பும் நீங்கள் பயன்படுத்திய ஏரியை வரைந்தது நான். இப்போது வருபவற்றை வரைவது நான் இல்லை. தயவுசெய்து அவற்றை அழித்துவிடுங்கள்.

அனுப்பிவிட்டுக் காத்திருந்தாள். இறந்துவிட்டான் என்று அவள் கைப்பட எழுதியது அதுதான் முதல்முறை. கண்ணில் நீர் வந்தது. அவனுக்காகவா என்று அவளுக்கே தெரியவில்லை. வெளியே நண்பகல் மங்கி அந்தி போலானது. முதலாளி வந்து, புகை அதிகமாகிவிட்டது, வீட்டுக்குப் போம்மா, என்றார்.

அப்போது பெக்காவின் பதில் வந்தது.

"குமாரு, இது நல்ல வேடிக்கை இல்லை. நீ இப்போதுதானே கடைசிச் சதுரத்தை அனுப்பினாய்? ஏரியில் உடைந்த துவாரம். அருமை. ஆனால் அந்த முகம் எதற்கு? அது யார்?"

அவள் திறந்தாள்.

கறுப்பு. நடுவில் ஒழுங்கில்லாத வட்டமாக வெளிச்சம். வட்டத்தின் ஓரத்தில் குனிந்து கீழே பார்க்கும் முகம். நரைத்த முடி கன்னத்தில் தொங்குகிறது. நெற்றியில் திருநீறு. அம்மா சிரித்துக்கொண்டிருந்தாள். சந்திரகலாவுக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அம்மா அவளைப் பார்த்து அப்படிச் சிரித்ததில்லை.

அவள் ஓடினாள்.

ஜாலான் தம்பிப்பிள்ளைத் தெரு கண்ணுக்குத் தெரியவில்லை. கார் விளக்குகள் மட்டும். ஹார்ன். யாரோ கத்தினார்கள். சந்துக்குத் திரும்பும் மூலை எது என்று சுவரைத் தடவித்தான் கண்டுபிடித்தாள். தொண்டை எரிந்தது. வீட்டுக் கதவு திறந்து கிடந்தது.

ஹாலில் கம்ப்யூட்டர் அணைந்திருந்தது. மின்விசிறி ஓடவில்லை. ஆனாலும் வீடு குளிர்ந்திருந்தது. மூச்சு விட்டாள். மூச்சு வெள்ளையாக முன்னால் போயிற்று.

"அம்மா."

அறைக்குள் தண்ணீர் தளும்பும் சத்தம். குடத்தில் தளும்புவது போலில்லை. பெரிய தண்ணீர். கரையைத் தொட்டுத் தொட்டுத் திரும்பும் தண்ணீர்.

கதவைத் தள்ளினாள்.

கட்டில் சுவரோரம். அறை நடுவே வெறும் தரை. உடையவில்லை. விரிசல்கூட இல்லை. பழைய சிவப்புச் சிமெண்டு, காய்ந்து, வழவழப்பாக. அதன் மேல் அம்மா குப்புறப் படுத்திருந்தாள். கன்னம் தரையில். வலது கை தரைக்குள் இருந்தது.

முழங்கை வரை. சிமெண்டு அந்தக் கையைச் சுற்றி இடைவெளி இல்லாமல் இறுகியிருந்தது. கம்பளிச் சட்டையின் மடிப்பில் பொடிப்பொடியாக வெள்ளை பூத்திருந்தது. முடியிலும். இமையிலும்.

"வந்துட்டியா பிள்ளை?" என்றாள் அம்மா. குரல் சந்தோஷமாக இருந்தது. "பிடிச்சிட்டேன். விரல் கிடைச்சிருச்சு."

"அம்மா, விடு. கையை எடு."

"நல்லா பிடிச்சிருக்கான். பாவம், எவ்வளவு தூரம் வந்திருக்கான்."

சந்திரகலா அம்மாவின் இடுப்பைச் சேர்த்துப் பிடித்து இழுத்தாள். அம்மா அசையவில்லை. இன்னும் இழுத்தாள். அடியிலிருந்து யாரோ இழுத்தார்கள். அவசரமில்லாமல். அம்மாவின் தோள் தரையைத் தொட்டது. தொட்ட இடத்தில் சிமெண்டு மெல்ல வழிவிட்டது. பிறகு இறுகியது.

"அவனால ஏற முடியல" என்றாள் அம்மா. "மேலே வர முடியாம வழுக்குது. அடியில தள்ளிவிட ஒரு ஆள் வேணும்."

"அம்மா."

அம்மாவின் இடது கை வந்து அவளுடைய கணுக்காலைப் பிடித்தது. எலும்பு வரை குளிர். அந்தப் பிடியில் அத்தனை பலம் இருக்கும் என்று அவள் நினைத்ததில்லை.

அம்மா முகத்தைத் திருப்பி அவளைப் பார்த்தாள். சிரித்தாள். படத்தில் பார்த்த அதே சிரிப்பு. இப்போது அவளுக்காக.

"நீ இறங்கு பிள்ளை. நீ கீழே இருந்து தள்ளு. நான் மேலே இருந்து இழுக்கிறேன். அவன் ஏறிருவான்."

சந்திரகலா காலை உதறினாள். பிடி விடவில்லை. ஒரு காலில் நின்றாள். அந்தக் கால் நின்ற தரை ஈரமாகியது. அவள் குனிந்து பார்த்தாள். சிவப்பு மங்கி நீலமானது. கல்லுக்குள் ஆழம் தெரிந்தது. வெள்ளைக் குமிழிகள், ஒன்றின் மேல் ஒன்றாக.

அவற்றின் நடுவிலிருந்து ஒரு கை மேலே வந்தது. வெளுத்து, ஊறி. அவசரமில்லாமல் விரல்களை விரித்தது. அவளுடைய பாதத்துக்கு நேர் அடியில், குதிகாலோடு ஒட்ட உள்ளங்கையைப் பொருத்தி, மெல்ல அழுத்தியது.